அஞ்சல் உறையில் செத்துப்போன ஹரேகு

ஹரேகு செத்துப்போய்விட்டாள் என்றுதான் மூன்று வருஷமாக நான் நினைத்திருந்தேன். அவளோ ஆஸ்மரா தபால் நிலையத்தில், என் தபால்தலைச் சாளரத்துக்கு வெளியே நின்றுகொண்டு விரலால் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஏய் ஸிகே, என்னை என்ன விலைக்கு வித்துக்கிட்டிருக்க?"

நான் போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் சிதறிப்போனார்கள். பக்கத்துச் சாளரத்துக்காரர் திருடன் புகுந்துவிட்டான் என்று பணப்பெட்டியைப் பூட்டினார். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி, அவள் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, தோளோடு தோளை இடித்தேன். போர்க்களத்தில் இருந்த நாங்கள் அப்படித்தான் வணக்கம் சொல்லிக்கொள்வோம். நான் இடித்த வேகத்தில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரைப் பிடித்தாள். இடது கால் சரியாக ஊன்றவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"மெதுவாடி. நீங்க ஒருதரம் கொன்னது போதும்" என்றாள்.

அவள் கையில் ஓர் உறை இருந்தது. அதை நான்தான் விற்றிருப்பேன். முத்திரையும் நானே குத்தியிருப்பேன்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஜூன் மாசம். ஏப்ரலில் வாக்களித்தோம். மே மாசம் எரித்திரியா தனி நாடு என்று உலகம் ஒப்புக்கொண்டது. அந்த வாரம் தெருவில் ஆடிய ஆட்டத்தில் என் செருப்பின் வார் அறுந்து, அதைத் தைக்கக்கூட நேரமில்லாமல் திரிந்துகொண்டிருந்தேன். புது நாட்டின் தபால்தலைகளைக் கேட்டு எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள். அந்தச் சமயத்தில் ஊரிலிருந்த தபால்தலை நண்பர்கள் சங்கம் எங்கள் முப்பது வருஷ விடுதலைப் போரின் கதையை நினைவு உறைகளாக அச்சடித்து வெளியிட்டது. ஒன்றில் மலைக்குள் குடைந்த மருத்துவமனை. ஒன்றில் மரத்தடிப் பள்ளிக்கூடம். ஒன்றில் வாக்குச்சாவடிக்கு முன்னால் வெள்ளை முக்காடு போட்ட பெண்களின் நீண்ட வரிசை. இன்னொன்றில் ஒரு லாரியின் முகப்பில் சாய்ந்து நின்று சிரிக்கும் ஓட்டுநர்ப் பெண். அவள் படத்துக்குக் கீழே, "மஸ்ஸாவாவில் உயிர் நீத்த வீராங்கனை" என்று அச்சிட்டிருந்தது.

அதிகம் விற்றது அந்த உறைதான். ஹரேகுவின் முகத்தில் மை பட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துப் பார்த்துக் குத்துவேன். சில நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டும் குத்தியிருக்கிறேன்.

நானும் அவளும் ஒரோட்டாப் பள்ளத்தாக்கில், பாறைக்கு அடியில் இருந்த லாரிப் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பதினாறு வயதில் வந்தாள். வந்த மறுநாளே எஞ்சினுக்கு அடியில் படுத்துவிட்டாள். பெரியவர்கள் யாராவது, "இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்?" என்றால் அடியிலிருந்தே குரல் வரும்: "அந்தப் பெரிய ஸ்பேனரை எடுத்துக் குடுக்கத் தெரியுமா உங்களுக்கு?" பிறகு லாரி ஓட்டினாள். எதிரி விமானத்துக்குப் பயந்து விளக்கைப் போடாமல், மலைப்பாதையில், மாவு மூட்டையும் மருந்தும் ஏற்றிக்கொண்டு ஓட்டினாள். நான் வேறு பிரிவுக்குப் போய்விட்டேன். மஸ்ஸாவாத் துறைமுகத்தை எங்கள் ஆட்கள் மீட்ட சில நாட்களில் அவளுடைய லாரி குண்டுவீச்சில் கடலுக்குள் போய்விட்டது என்று செய்தி வந்தது. உடல் எதுவும் கிடைக்கவில்லை என்றார்கள். ஓட்டியவள் ஹரேகு என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"அன்னைக்கு ஓட்டினது நான் இல்லை. யாசின்" என்றாள் ஹரேகு.

தபால் நிலையத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அவள் நிதானமாகச் சொன்னாள். யாசின் கிண்டா ஊர்க்காரன். நான் போன பிறகு பட்டறைக்கு வந்தவன். அன்றைக்கு ஓட்டும் முறை அவளுடையது. அவன்தான், "இது எங்க ஊர்ப் பக்கம், கடல் ரோடு, நான் ஓட்டறேன், நீ வேடிக்கை பாரு" என்று சாவியை வாங்கிக்கொண்டான். தரையையும் தீவையும் இணைக்கிற நீண்ட கல்பாதையின் நடுவில் போகும்போது விமானம் வந்தது. அவள் கண் விழித்தபோது மீனவர்களின் படகில் கிடந்தாள். அவர்கள் ஒரு தீவில் வைத்துப் புண்ணைக் கழுவி, பிறகு பாய்மரப் படகில் சூடான் கரைக்குக் கொண்டுபோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். எழுந்து நடக்கவே வெகுகாலம் ஆயிற்று. போர் முடிந்து திரும்பியவள் முதலில் போய் நின்றது கிண்டாவில், யாசினுடைய தாய் மெதினாவின் வாசலில்.

"நான்தான் சொல்லணும், இல்லையா? வேற யாரு பார்த்தா? சொன்னேன். அந்த அம்மா என்னை அடிப்பாங்கன்னு நினைச்சேன். சோறு போட்டாங்க. அங்கேயே இருந்துட்டேன்."

"இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு ஆஸ்மராவுக்கு ஒருதரம் வரக் கூடாதாடி?"

"வந்தேன். லாரிக் கம்பெனி ஒவ்வொண்ணா ஏறி இறங்கினேன். ஒருத்தன் என் காலைப் பார்த்தான். இன்னொருத்தன், 'சண்டை முடிஞ்சுதேம்மா, கல்யாணம் பண்ணிக்கிட்டு வீட்டுல இரு'ன்னான். அப்புறம் யாரையும் பார்க்கப் பிடிக்கல. கிண்டாவுல ஆரஞ்சுத் தோட்டத்துக்காரங்களுக்குத் தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"இப்ப மட்டும் ஏன் வந்த?"

உறையை மேசைமேல் வைத்தாள். படத்தின் ஓரத்தில், லாரியின் முகப்புமேல் ஒரு கை மட்டும் தெரிந்தது. ஆள் இல்லை. மணிக்கட்டோடு வெட்டிவிட்டிருந்தார்கள். நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன், யோசித்ததில்லை.

"மெதினா அம்மாவோட தங்கச்சி மகன் இதை வாங்கிட்டு வந்தான். நான் செத்துட்டேன்னு போட்டிருக்கறதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த அம்மா சிரிக்கல. கையைத் தடவிப் பார்த்தாங்க. கட்டைவிரல் கோணலா இருக்கு பாரு, சின்ன வயசுல ஒட்டகம் கடிச்சது. 'இது எம்புள்ள கை. மீதிப் புள்ளை எங்கே?'ன்னு கேட்டாங்க. கேட்டுட்டு வரேன்னு கிளம்பி வந்துட்டேன்."

சங்கத்தின் தலைவர் பெராக்கி பெரிய வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கோட்டும் தொப்பியும் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. வயதுக்கு மரியாதையாக எல்லோரும் அபோய் பெராக்கி என்றுதான் கூப்பிடுவோம், அப்பா என்று கூப்பிடுவதுபோல. நாங்கள் உள்ளே நுழைந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"யாருக்குப் பார்வைச் சோதனை?"

"உங்களுக்குத்தான்" என்றாள் ஹரேகு. உறையைத் தன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். "நல்லாப் பாருங்க, அபோய். இதுல செத்தது எது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேறு கண்ணாடி எடுத்து மாட்டினார். அதையும் கழற்றிவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து வந்து அவள் நெற்றியில் முத்தமிட்டு, தான் துடைத்து வைத்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

"தேவமாதாவே! உன் பேருக்கு நான் மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன், மகளே."

"அணைச்சுடுங்க."

"உயிரோட இருக்க! எவ்வளவு நல்ல சேதி! ஆனா..." அவருக்குள் இருந்த சேகரிப்பாளர் விழித்துக்கொண்டார். "ஸ்வீடன்ல, ஜெர்மனில எல்லாம் இந்த உறை போயிருக்கு. இதுல பிழை இருக்குன்னு தெரிஞ்சா ஒண்ணுக்குப் பத்தாக் கேப்பாங்க. பிழையான உறைக்குத்தான் மதிப்பு அதிகம்."

"நான் மூச்சு விடறது பிழையா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல."

"கண்ணாடி விக்கறீங்க, பக்கத்துல நின்ன ஆம்பளை உங்க கண்ணுல படவே இல்லையா? யாரு வெட்டினது?"

அவர் மறைக்கவில்லை. "நான்தான். படம் கைக்கு வந்தப்போ பின்னாடி 'ஓட்டுநர், மஸ்ஸாவா'ன்னு மட்டும் இருந்தது. விசாரிச்சேன், இறந்துட்டதாச் சொன்னாங்க. ரெண்டு பேருக்கு உறையில இடம் போதல. பொண்ணு படமா இருந்தா பார்க்கறவங்க மனசு இளகும்னு நினைச்சேன்."

உறையில் இருந்த, ஒட்டகம் கடித்த கட்டைவிரலை ஹரேகு காட்டினாள். மெதினா கேட்டதை அப்படியே சொன்னாள். அபோய் பெராக்கி கடையின் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்ன செய்யணும், சொல்லு" என்றார் கடைசியில். இப்போது அவர் குரலில் சேகரிப்பாளர் இல்லை.

"புது உறை போடணும். முழுப் படத்தோட. அவன் பேரு, அவன் அப்பா பேரு, அவன் ஊரு எல்லாம் இருக்கணும். என்னை உயிரோட போடுங்க."

"பிப்ரவரியில மஸ்ஸாவா மீட்ட நாள் வருது. அன்னைக்குத் தேதி போட்டு அடிப்போம். முத்திரையை மஸ்ஸாவாத் தபால் நிலையத்துலயே குத்தலாம். கடல் காத்து பட்ட உறைன்னு..."

"உறை மூட்டைங்களை நான்தான் லாரியில ஓட்டிக் கொண்டுபோவேன்."

அபோய் பெராக்கி அவள் காலைப் பார்த்தார். பார்த்ததை அவளும் பார்த்தாள். அவர் அவசரமாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

தபால் மூட்டைகளை மஸ்ஸாவாவுக்கு ஏற்றிப்போகும் ஒப்பந்தம் ஃபெஸ்ஸஹா என்பவரிடம் இருந்தது. அவர் அபோய் பெராக்கியின் தங்கையைக் கட்டியவர். ஒரு தடவை ஹரேகு ஓட்டட்டும் என்று அபோய் ஆறு மாசம் அவரை விடாமல் துரத்தினார். ஜனவரியில் ஒருநாள் மதுக்கடை ஒன்றில் நாங்கள் மூவரும் அவரைப் பிடித்தோம்.

"மலை ரோடு, மழைக்காலம். பொம்பளைகிட்ட வண்டியைக் குடுத்துட்டு நான் தூங்க முடியுமா?" என்றார் ஃபெஸ்ஸஹா.

"யுத்தத்துல விளக்கே இல்லாம ஓட்டியிருக்கேன்" என்றாள் ஹரேகு.

"அப்போ யுத்தம். இப்போ இன்சூரன்ஸ்."

"உங்க வண்டி ரெண்டாவது கியர்ல முனகுது. வாசல்ல நிறுத்தறப்போ கேட்டேன். முதல்ல அதைப் பாருங்க, அப்புறம் தூக்கம் வரும்."

கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஃபெஸ்ஸஹாவுக்கு முகம் சிவந்தது. "சரி, ஒரே ஒரு தடவை. மலை நடுவுல நெஃபாஸித் வரைக்கும் போய்ப் பனிமூட்டத்தைப் பார்த்ததும் நீயே திரும்பி வந்துடுவ. மச்சான், நீங்களும் கூடப் போங்க. வண்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு உங்க தலையில."

அந்த வாரமே ஹரேகு அந்தப் பழைய ஃபியட் லாரியின் கியர்ப் பெட்டியைப் பிரித்துப்போட்டு, கழுவி, மாட்டினாள். ஃபெஸ்ஸஹாவின் ஓட்டுநர் ஒருவன் வந்து, "எனக்கும் இப்படி யாராவது வண்டியைச் சரிபண்ணிக் குடுத்தா நானும்தான் ஓட்டுவேன்" என்றான். அவள் கிரீஸ் கையை அவன் சட்டையில் துடைத்தாள்.

பிப்ரவரியில் எங்கள் மேட்டுநிலத்தில் வெயில் காயும். அதே சமயம், கடலைப் பார்த்த சரிவில் மழை கொட்டும். ஆஸ்மராவின் கடைசி வீட்டைத் தாண்டியதும் பாதை கீழ்நோக்கி விழுகிறது. அங்கிருந்து உலகம் வெள்ளையாகிவிடும். விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் ஏறினேன். மஸ்ஸாவாவில் முத்திரை குத்தக் கை வேண்டுமே. ஹரேகுவுக்கும் அபோய் பெராக்கிக்கும் நடுவில் எனக்கு இடம். பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், புது உறைகள் நிறைந்த மூட்டைகள். எல்லாவற்றிலும் அன்றைய தேதி அச்சாகியிருந்தது. விழா நாள் என்பதால் மதியத்தோடு அங்கே தபால் நிலையத்தை மூடிவிடுவார்கள். நேரத்துக்குள் போகாவிட்டால் அத்தனையும் குப்பை.

"மகளே, கிளட்ச் எந்தக் கால்ல மிதிக்கிறது?" என்று கேட்டார் அபோய் பெராக்கி.

"இடது."

"உனக்கு அடிபட்டது?"

"இடது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தார்.

நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவை கிளட்சை மிதிக்கும்போதும் அவள் இடுப்பையே திருப்பி, முழு உடம்பின் கனத்தையும் அந்தக் காலில் இறக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் லாரி தண்ணீர்போல இறங்கியது. வளைவுக்கு முன்னால் ஒலிப்பானை அழுத்தி, காதைக் கொடுத்து, பதில் ஒலி இல்லை என்று தெரிந்த பிறகே திருப்பினாள். பனியில் கண்ணுக்கு வேலை இல்லை, காதுதான் ஓட்ட வேண்டும் என்றாள். நெஃபாஸித் ஊரின் விளக்குகள் மங்கலாக வந்தபோது நான் அவளைப் பார்த்தேன். அவள் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

அதற்குக் கொஞ்ச தூரம் கீழே பாதை அடைத்துக் கிடந்தது. மழையில் சரிவு இடிந்து, பாறையும் சேறும் பாதி ரோட்டை மூடியிருந்தன. இரண்டு பேருந்துகள், சில லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் ஒரு தகரக் கொட்டகையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து இயந்திரம் வரும், சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

"உங்க வண்டிக்கு ஓட்டுநர் எங்கேம்மா?" என்று ஒரு பேருந்துக்காரர் ஹரேகுவைக் கேட்டார்.

"இதோ நிக்கறேனே."

அவர் அபோய் பெராக்கியைப் பார்த்தார். "நிஜமாவா, ஐயா?"

"நிஜம்தான். நான் இன்னும் உயிரோட இருக்கறதே சாட்சி" என்றார் அபோய்.

ஹரேகு சேற்றில் இறங்கி நடந்தாள். இடிந்த இடத்தைக் குதிகாலால் குத்திப் பார்த்தாள். பள்ளத்தின் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே அடி தெரியவில்லை, வெறும் வெண்மை. திரும்பி வந்து பேருந்தின் படியில் ஏறி நின்று கத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க! இன்னைக்கு மஸ்ஸாவா மீட்ட நாளு. விழாவுக்குத்தானே கிளம்பினீங்க? இங்க உட்கார்ந்து டீயா குடிக்கப் போறீங்க? பெரிய பாறையைத் தொட வேணாம். சின்னக் கல்லை மட்டும் அந்தப் பள்ளத்துல நிரப்பிக் குடுங்க. ஒரு லாரி அகலம் போதும். நான் முதல்ல போறேன். நான் விழுந்தா நீங்க திரும்பிப் போயிடலாம்."

பிறகு ஒரு கிழவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். அவரைப் பார்த்துப் பேருந்தே இறங்கிவிட்டது. விழாவுக்கு வெள்ளை உடுத்தி வந்த பெண்கள்கூட முந்தானையில் கல் அள்ளினார்கள். கை மாற்றிக் கை கற்கள் போயின. யாரோ பழைய போர்ப் பாட்டை எடுக்க, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். தேநீர்க் கொட்டகையில் இருந்த ஓட்டுநர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு, மண்வெட்டியோடு வந்தார்கள்.

ஹரேகு எங்கள் இருவரையும் இறங்கச் சொன்னாள். நான் மறுத்தேன். "நீ செத்தா உறை விக்க ஆள் வேணும்ல, இறங்குடி" என்றாள். இறங்கினேன். லாரி முதல் கியரில் நகர்ந்தது. வெளிப்பக்கச் சக்கரம் புதிய கற்கள்மேல் ஏறியதும் ஒரு கல் நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் மேலே வரவே இல்லை. லாரி ஒரு பக்கம் சாய்ந்து, எஞ்சின் உறுமி, நின்றுவிட்டதோ என்று தோன்றிய நேரத்தில் துள்ளி அப்பால் ஏறியது. மலைச்சரிவு முழுக்கக் குலவை எழுந்தது. பேருந்துக்காரர் தன் தொப்பியைக் கழற்றி மேலே வீசினார். அது பள்ளத்தில் போய்விட்டது. அவர் கவலைப்படவில்லை. ஹரேகு கீழே இறங்கி நின்று கையைக் காட்டிக் காட்டி அத்தனை வண்டிகளையும் ஒவ்வொன்றாகக் கடத்திவிட்ட பிறகுதான் புறப்பட்டாள்; எங்களை முன்னால் விட்டுவிட்டுப் பேருந்துகள் பின்னால் வந்தன.

கிண்டாவில் மெதினா அம்மா ரோட்டோரத்தில் சிவப்புச் சேலையும் மூக்கில் பொன் வளையமுமாகக் காத்திருந்தார். கையில் ஆரஞ்சுப் பழக் கூடை. முன்னால் இடமில்லை. அபோய் பெராக்கி இறங்கி, கோட்டும் தொப்பியுமாகப் பின்னால் ஏறி மூட்டைகள்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"யாரு அந்தக் கனவான்?" என்று கேட்டார் மெதினா.

"உங்க புள்ளையை வெட்டினவரு. இப்போ ஒட்டிட்டாரு" என்றாள் ஹரேகு.

மெதினா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பின்னால் இருந்தவருக்கு ஓர் ஆரஞ்சைக் கொடுத்தார்.

பனி கலைந்தது. மலைகள் சிறுத்து, முள்மரங்கள் வந்து, வெக்கை அடித்தது. பிறகு கடல் தெரிந்தது. கல்பாதையின் வாயில் வந்ததும் ஹரேகு லாரியை நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நேராக ஒரு கோடு, அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர்களும் குண்டு பட்ட குவிமாடமும். பின்னால் எங்களைத் தொடர்ந்து வந்த பேருந்துகள் நின்றன. ஒருவரும் ஒலிப்பானை அடிக்கவில்லை.

"அம்மா, இங்கதான்" என்றாள்.

மெதினா வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவன் மாவு மூட்டையோட அந்தக் கரைக்குத்தானே கிளம்பினான்? போய்ச் சேரல. நீ என்னைக் கொண்டுபோய்ச் சேரு மகளே. ஓட்டு."

ஹரேகு இடுப்பைத் திருப்பி, கிளட்சை மிதித்தாள். முதலில் மெல்ல, பிறகு வேகமாக, பிறகு அந்த நேர்கோட்டில் வண்டி பறந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பின்னால் அபோய் பெராக்கி எழுந்து நின்று தொப்பியை அசைப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். பேருந்துகள் அத்தனையும் ஒலியெழுப்பிக்கொண்டே எங்களைத் தொடர்ந்தன.

தபால் நிலையத்துக்காரர் கதவைச் சாத்த வெளியே வந்திருந்தார். கையில் பூட்டோடு நின்றவர், ஒரு லாரியும் இரண்டு பேருந்தும் சேறு படிந்த ஒரு கூட்டமும் வந்து இறங்குவதைப் பார்த்ததும் பூட்டை ஜேபியில் போட்டுக்கொண்டு மைப்பெட்டியைத் திறந்தார். முதல் உறையை நானே எடுத்து வைத்தேன். படத்தில் லாரி, லாரியின் ஒரு பக்கம் ஹரேகு, மறுபக்கம் நெடுநெடுவென்று, ஒரு கையை முகப்பின்மேல் ஊன்றி, சிரிப்பை அடக்க முடியாமல் நிற்கும் யாசின். கீழே அவன் பெயர், தந்தை பெயர், ஊர். அடுத்த வரியில், "உடன் ஓட்டிய ஹரேகு, நலமாக இருக்கிறார்."

முத்திரையை மெதினா அம்மாவின் கையில் கொடுத்தோம். அவர் இரண்டு கையாலும் பிடித்து ஓங்கிக் குத்திய குத்தில் மேசை அதிர்ந்தது. உறையைத் தூக்கி முகத்தருகே வைத்துப் பார்த்தார். மகனின் நெற்றியிலிருந்து கால்வரை விரலால் தடவினார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, உறையைத் தலைக்கு மேலே உயர்த்தி, அந்த ஒடிந்த உடம்பிலிருந்து எப்படி வந்ததோ, நீளமாக ஒரு குலவை விட்டார். மஸ்ஸாவாவே திரும்பக் குலவையிட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று ஏன் என்று தெரியாமலே சங்கு ஊதியது.

மாலைவரை குத்தினோம். என் தோள் கழன்றுவிடும்போலிருந்தது. அபோய் பெராக்கி வரிசையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் ஹரேகுவைக் காட்டி, "தொட்டுப் பாருங்க, நிஜம்தான்" என்று அறிமுகம் செய்துவைத்தார். பேருந்துக்காரர் அவளிடம் வந்து, தன் மகளுக்கு லாரி ஓட்டக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார். "தொப்பி விழுந்துச்சே, அதுக்கு வருத்தம் இல்லையா?" என்றாள். "விழுந்தது தொப்பிதானே" என்றார் அவர். களிமண் அடுப்பில் சுட்ட மீனை, சூடான ரொட்டியோடு, விரல் சுட்டுக்கொண்டே சாப்பிட்டோம். மெதினா முள்ளை நீக்கி நீக்கி ஹரேகுவின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆஸ்மராவுக்கு மேலேறி வந்தபோது ஃபெஸ்ஸஹா கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தார். செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. ஹரேகு சாவியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"வியாழக்கிழமை கெரனுக்கு மூட்டை போகணும். நீ ஓட்டறியா?"

"வியாழக்கிழமை முடியாது, கிண்டாவுல மோட்டார் வேலை பாக்கி இருக்கு" என்றாள் ஹரேகு. "வெள்ளிக்கிழமை வெச்சுக்குங்க. பின் டயர் ரெண்டையும் மாத்தி வையுங்க."

ஃபெஸ்ஸஹா கொட்டகைக்குள் திரும்பி, டயரைக் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.